கொட்டிய பிறகா சோதனை?

கடலில் ஒரு ரசாயனத்தைக் கொட்டுவதற்கு முன் அது எத்தனை விஷம் என்று அறிய வழி உண்டா? உண்டு. வழியும் எளிது.

மைசிட் என்பது ஒரு பொடி இறால். நம் மீனவர்கள் கூனி என்று சொல்லும் இறாலைப் போன்றது. விரல் நகத்தைவிடச் சிறியது. மீன்களுக்கு அது உணவு. பிறந்து சில நாளே ஆன மைசிட்டுகளைக் கடல்நீர் நிரப்பிய பாத்திரங்களில் விடுகிறார்கள். ஒன்றில் சுத்தமான நீர். மற்றவற்றில் ரசாயனத்தைப் படிப்படியாகக் கூட்டிக் கலக்கிறார்கள். 48 மணி நேரத்தில் எந்த அளவில் பாதி மாள்கிறது என்று எண்ணுகிறார்கள். துளி கலந்தாலே பாதி மாண்டால் அது கடும் விஷம்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்ஸிகோ வளைகுடாவில் பி.பி. கம்பெனியின் எண்ணெய்க் கிணறு வெடித்தது. மேடையில் வேலை செய்த 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். 87 நாள் எண்ணெய் பீறிட்டது. அதைச் சிதறடிக்கச் சுமார் 70 லட்சம் லிட்டர் ரசாயனம் கடலில் கொட்டப்பட்டது. விஷம் குறைந்த சரக்கைத் தேடும்படி மே 20-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா உத்தரவிட்டது. வேறு தக்க சரக்கு இல்லை என்று சொல்லி, கம்பெனி பழைய சரக்கையே கொட்டியது.

பிறகு இலாகாவே 8 சரக்குகளை மைசிட்டிலும் ஒரு சிறு மீனிலும் சோதித்தது. எண்ணெயும் ரசாயனமும் சேர்ந்த கலவை ஏறக்குறைய எண்ணெய் அளவே விஷம் என்று கண்டது. அந்த முடிவு வெளிவந்தது ஆகஸ்ட் 2-ல். கிணறு அடைபட்டதோ ஜூலை 15-ல்! விடை நல்லதாகவே இருக்கட்டும். கொட்டி முடித்த பின் வந்த விடையால் யாருக்கு என்ன பயன்?

கூனி பிழைத்தால் கூலியாளும் பிழைப்பான் என்று சொல்லவும் முடியாது. எண்ணெய் அகற்றும் வேலைக்குச் சென்றவர்கள் உள்ளிட்ட சுமார் 33,000 பேரைச் சேர்த்து 2011-ல் அமெரிக்க அரசு ஓர் ஆய்வு தொடங்கியது. சிதறடிக்கும் ரசாயனம் பட்டவர்களிடம் இருமல், மூச்சிரைப்பு, கண்ணெரிச்சல் அதிகம் என்று அதில் தெரிந்தது. இரண்டு நாள் சோதனை உடனடிச் சாவைத்தான் எண்ணும். தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நம் நாட்டிலும் இத்தகைய விதி உண்டு. ஆலைக் கழிவுநீரில் விட்ட மீன்களில் நூற்றுக்கு 90, 96 மணி நேரம் கழித்தும் உயிரோடிருக்க வேண்டும். அந்தச் சோதனை எப்போது நடந்தது? யார் செய்தார்கள்? எத்தனை மீன் பிழைத்தது? ஆலைத் தொழிலாளிக்கும், அந்த வாய்க்கால் நீரில் இறங்கி நடவு நடும் விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரிந்தாக வேண்டும். முடிவுகளை ஆலை வாசலிலும் பஞ்சாயத்துப் பலகையிலும் தமிழில் ஒட்டும்படி சங்கங்கள் கேட்க வேண்டும்.

கொட்டுமுன் சோதி! சோதித்ததைப் பகிரங்கமாகச் சொல்!