ஒரு ராத்திரிப் பாடமா சுற்றுச்சூழல்?

சவூதியின் ஜுபைலில் தமிழ்க் குடும்பங்களுக்குள் தேர்வு நேரத்தில் தவறாமல் காதில் விழும் ஒரு தீர்ப்பு உண்டு: "கணக்கையும் பிசிக்ஸையும் முடிச்சிடு கண்ணு. சுற்றுச்சூழலைக் கடைசி ராத்திரி பார்த்துக்கலாம், கதைதானே?" இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தேறுவதில்லை.

கதை என்ற வாதம் முதலில். ஊட்ட மட்டம் ஒவ்வொன்றிலும் பத்து சதவீத ஆற்றல்தான் அடுத்ததற்குப் போகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். புல்லில் 20,000 ஜூல் இருந்தால், வெட்டுக்கிளி, தவளை தாண்டிப் பாம்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள், விழிக்கும். (20 ஜூல்.) சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புத் தாளில் பாதி மதிப்பெண் இப்போது இப்படி யோசித்து எழுதும் கேள்விகளுக்கே. ஒப்பிப்பவருக்கு மீதிப் பாதிதான்.

"அப்படின்னா நாலு தடவை படிக்கட்டும்" என்பார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஐந்தே நிமிடத்தில் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். கடைசி ராத்திரிப் படிப்பு ஜெயிப்பதுபோலத் தெரிவதற்குக் காரணம் அந்த ஐந்து நிமிடம்தான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அடுத்த வாதத்தில். "ஊரே பாலைவனமும் பேக்டரியும். இங்க என்ன சுற்றுச்சூழல் இருக்கு, பிள்ளைக்குக் காட்ட?" இந்த ஊரில் இல்லாத பாடமா! 1991 வளைகுடாப் போரில் குவைத் பக்கம் கடலில் கொட்டிய கச்சா எண்ணெய் சவூதிக் கரையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் படிந்து, ஜுபைலுக்கு வடக்கே அபு அலி தீவில் முட்டி நின்றது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குள் எண்ணெய் புகாமலிருக்கக் கடலில் மிதவை வேலி போட்டார்கள். சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரியாத்துக்குக் குழாயில் போகும் தண்ணீர் அது. பறவைகளைக் கழுவிக் காப்பாற்ற ஜுபைலிலேயே ஒரு நிலையம் நடந்தது.

எண்ணெய்க் கசிவின் விளைவுகளை எழுதச் சொன்னால் பிள்ளைகள் பறவையின் இறகோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே உப்புச் சதுப்பில் நடந்தது வேறு. நண்டு வளைகள் வழியே எண்ணெய் சேற்றுக்குள் ஆழமாக இறங்கியது. அங்கே ஆக்சிஜன் இல்லை. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்களால் வேலை செய்ய முடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகும் தோண்டினால் எண்ணெய் வந்தது. இந்த நான்கு வரியை எழுதும் பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.

இன்னும் வேண்டுமா? நம் முத்துப்பேட்டையில் நிறைந்திருக்கும் அதே அலையாத்தி மரம் இந்தக் கரையிலும் உண்டு. இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். மரம் உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே ஸப்கத் அல் ஃபஸ்ல் சதுப்பில் பூநாரைகள் நிற்கின்றன. அங்கே பாய்வது நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர். கழிவுநீர் மறுபயன்பாடு என்ற கேள்விக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அப்பா ஆலையில் வேலை செய்பவர் என்றால், ஆலைக் கோபுரத்தின் உச்சியில் ஏன் தீ எரிகிறது என்று அவரிடமே கேட்கலாம்.

"முக்கியமா இருந்தா பாடத்தை ஏன் வெட்டினாங்க?" என்று ஒரு கேள்வியும் வரும். 2022-இல் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலிருந்து ‘சுற்றுச்சூழல் பிரச்சினைகள்’ அத்தியாயத்தை என்சிஇஆர்டி நீக்கியது உண்மை. நீக்கியது தவறு என்பது என் கட்சி. ஆனால் சூழல் மண்டலமும் உயிர்ப் பன்மையும் அங்கேயே இருக்கின்றன, கேள்வியும் வருகிறது.

கடைசியாக, "இன்ஜினியரிங் போற பையனுக்கு இது எதுக்கு?" எம்.சி. மேத்தா வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகக் கல்லூரியிலும் இது கட்டாயப் பாடம். பையன் ஊருக்குப் போய் இன்ஜினியரிங் சேர்ந்தாலும் இந்தத் தாள் அங்கே காத்திருக்கிறது. பாஸ் பண்ணாவிட்டால் அரியர்.