சாதாரண ரசிகன் பெயரால்

எனக்கு வந்த ஒரு கடிதம்தான் இதை எழுத வைக்கிறது. எழுதியவர் கவிஞர், நண்பர், எங்கள் ஊர்க்காரர். பெயர் வேண்டாம். 2024இல் நான் பார்த்த மூன்று தமிழ்ப் படங்களைப் பற்றி நாலைந்து பேர் கூடியிருந்த இடத்தில் ஏதோ சொல்லிவைத்தேன். அது அவரை உறுத்தியிருக்கிறது. ‘எப்போதாவது படம் பார்க்கிறவர் நீங்கள். உங்கள் அபிப்ராயத்துக்கு என்ன பெறுமானம்? சினிமாவின் மொழி பயிற்சியால் வருவது’ என்று எழுதியிருக்கிறார்.

உண்மைதான். வருஷத்துக்கு ஐந்தாறு படம் பார்ப்பவன் நான். அதிலும் ஒன்று வீட்டாரின் நச்சரிப்பு தாங்காமல். லென்ஸ் நம்பர்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. சினிமாக் கோட்பாடு பற்றிய புத்தகங்கள் இரண்டைப் பாதியில் மூடியிருக்கிறேன். ஆனால் தமிழ் சினிமாவில் எது வரலாம், எது வரக்கூடாது, எது எத்தனை நிமிஷம் ஓடலாம் என்பதெல்லாம் யார் பெயரால் தீர்மானிக்கப்படுகிறதோ அந்த ஆசாமி நான்தானே? ‘சாதாரண ரசிகன்’ என்று அவனுக்குப் பெயர். இரண்டு கூட்டத்தார் அவனை மாறி மாறித் தோளில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். வியாபாரி ‘அவனுக்கு அலுக்கும்’ என்கிறான். நம்மவர்கள் ‘அவனுக்குப் புரியாது’ என்கிறார்கள். தீர்ப்பு ஒன்றேதான், முகபாவம்தான் வேறு. இரண்டு பேருக்குமே அவன் வாய் திறக்காத வரைக்கும்தான் உபயோகம்.

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன: பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’, மாரி செல்வராஜின் ‘வாழை’. மூன்றாம் நாள் மாலைக் காட்சிக்கு எங்கள் ஊர்த் தியேட்டர் ஒன்றில் ‘கொட்டுக்காளி’க்கு டிக்கெட் கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் எண்ணிப் பார்த்தான். ‘ஒன்பது பேர்தான் சார் இருக்கீங்க. பத்துப் பேராவது இருந்தாத்தான் ஷோ. வாழைக்கு மாத்தித் தரட்டுமா?’ என்றான். மாற்றிக்கொண்டேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் அதற்குப் பிறகு கேட்ட பேச்சுகள் மீது. இந்த மாதிரிப் படங்களைத் தியேட்டருக்கே கொண்டுவரக் கூடாது, திரைப்பட விழாக்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சினிமாக்காரர்களே சொன்னார்கள். ரசிகன் மேல் அவ்வளவு கருணை! இதே வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021இல் ரோட்டர்டாமில் புலி விருது வாங்கியது, இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கும் அனுப்பப்பட்டது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு மட்டும் வரவில்லை, 2023இல் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. ஆக, நான் பார்க்க மாட்டேன் என்பது நான் பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட சமாச்சாரம்.

மறுநாள் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப்போய் ‘கொட்டுக்காளி’ பார்த்தேன். பதினோரு பேர் இருந்தோம். மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். பேய் என்பது வேறொன்றுமில்லை, சாதி விட்டுச் சாதி வைத்த ஆசை. அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றி, ஆண்கள் பைக்குகளில் பின்தொடர, சாமியாடி ஒருவனிடம் கொண்டுபோகிறார்கள். பலிக்கு ஒரு சேவலும் கூட வருகிறது. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். கதை இவ்வளவுதான், பாக்கி எல்லாம் பாதை. வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை மீசைகளும் செய்வதறியாமல் நிற்க, ஒரு சிறுமி வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். தியேட்டரில் நாங்கள் பதினோரு பேரும் சிரித்தோம். புரியாதவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இடைவேளையில் டீக்கடையருகே நின்ற ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: ‘ஏந்தம்பி, அந்த ஆட்டோக்காரனுக்கு வாடகை யாரு குடுப்பா? ஒரு நாள் பொழப்பு போச்சே.’ நம் பத்திரிகைகளில் இந்தப் படத்தைப் பற்றி வந்த கட்டுரைகள் சிலவற்றைப் படித்தேன். மௌனம், வெளி, உடல், அதிகாரம் என்று எல்லாம் இருந்தது. ஆட்டோக்காரன் இல்லை. ஆனால் படம் முழுக்க அவன் இருக்கிறான்; இந்தக் குடும்பத்து விவகாரத்தில் சம்பந்தமே இல்லாமல், கிளம்பவும் முடியாமல், தன் வண்டியைப் பற்றிய கவலையோடு. வினோத்ராஜ் அவனைப் பார்த்திருக்கிறார். பெரியவரும் பார்த்தார்.

நம் நண்பர்கள் இந்தப் படத்தைப் புகழ்வதற்குக் கையிலெடுத்த முதல் காரணம் பின்னணி இசை இல்லை என்பது. எனக்கு இது விளங்கவில்லை. இசை இல்லாமலிருப்பது என்ன, விரதமா? 1954இல் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ வந்தது. பாட்டில்லாமல் 1988இல் பாலு மகேந்திராவின் ‘வீடு’ வந்தது. இல்லாததைச் சொல்லிப் புகழ்வது விமர்சனமல்ல, பத்தியச் சாப்பாட்டைப் பாராட்டுகிற மாதிரி. இசை போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி. ‘கொட்டுக்காளி’யில் ஆட்டோ என்ஜினின் சத்தம் உட்கார்ந்திருக்கிறது. தொண்டை கட்டிய ஆம்பிளையின் கரகரப்பு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எங்கிருந்தோ வருகிற ஒரு சினிமாப் பாட்டுக்கு மீனா வாய்க்குள் முனகுவதைக் கண்டு பாண்டி வெறிபிடித்து அடிக்கும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. படமெல்லாம் வயலின் இழைந்துகொண்டிருந்தால் அந்த முனகல் காதிலேயே விழுந்திருக்காது.

எனக்குக் குறையும் உண்டு. மீனாவுக்குப் படம் முழுவதிலும் ஏறக்குறைய பேச்சே இல்லை. அது எதிர்ப்பு என்கிறார்கள். இருக்கலாம். பாதிப் படத்துக்கு மேல் அது எதிர்ப்பா, டைரக்டருக்கு ஏற்பட்ட சௌகரியமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் பாண்டி தயங்கி நிற்கிறான், படமும் நின்றுவிடுகிறது. முடிவு இல்லை என்பது பொதுவான புகார். எனக்கு அதில் புகாரில்லை. அவன் தயங்குகிறான், சரி, அவள் என்ன நினைக்கிறாள்? அந்த முகத்தை இன்னும் ஒரு நிமிஷம் எனக்குக் காட்டியிருக்கலாம். பொறுமை இல்லாதவன் என்று சொல்லப்படுகிற நான் கேட்பது இன்னும் ஒரு நிமிஷம்!

‘வாழை’க்கு வருகிறேன். தன் பிள்ளைப் பிராயத்திலிருந்து எடுத்தது என்று மாரி செல்வராஜே சொல்லியிருக்கிறார். அழுதேன். அழுததைச் சொல்ல நம் வட்டத்தில் கூச்சப்பட வேண்டியிருப்பது தனி வியாதி. வாழைத்தார் சுமக்கிறவர்கள் கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள், கிடைக்கிறது. கூட்டிக் கொடுத்ததை ஈடுகட்ட, ஆட்களுக்குத் தனி வண்டி வைக்காமல், தார் ஏற்றிய லாரியின் மேலேயே அவர்களை ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி கவிழ்கிறது. ஒரு ரூபாய்க்கும் சாவுக்கும் நடுவே உள்ள கணக்கை இவ்வளவு நேராக, வசனமாக்காமல் வைத்த தமிழ்ப் படம் எனக்கு ஞாபகமில்லை. நம்மவர்கள் எழுதியதெல்லாம் டீச்சரைப் பற்றி, ரஜினி கமல் சண்டையைப் பற்றி. போகட்டும்.

பசியோடு வந்த பையன் சாவு வீட்டில் ஒளிந்து சோற்றில் கைவைக்கிற கட்டத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அந்தக் கையும் சோறும் போதும். ஆனால் அதன்பின் பாட்டு வருகிறது. என் துக்கத்தை என் கையிலிருந்து பிடுங்கி, ‘இப்படி அழு’ என்று காட்டுகிறது. கண்ணீர் நின்றுவிட்டது எனக்கு, கோபத்தில். இங்கேயும் அதே சந்தேகம்தான்: ‘சாதாரண ரசிகன்’ தானாக அழமாட்டான், தட்டிக்கொடுக்க வேண்டும். மாரி செல்வராஜ் என்னை நம்பியிருக்கலாம்.

மூன்றாவது ‘மெய்யழகன்’. பிரேம்குமாரின் படம், 2024 செப்டம்பர் 27இல் வந்தது. சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூரை விட்டுப் போனவன், இருபது வருஷங்களுக்கு மேல் கழித்து நீடாமங்கலத்துக் கல்யாணம் ஒன்றுக்கு வருகிறான். உறவுக்காரன் ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். இந்த ஒரு கூச்சத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம். வந்த சில நாட்களுக்குள் நீளம் என்று புகார் எழுந்தது, 18 நிமிஷங்களுக்குச் சற்று அதிகமாக வெட்டினார்கள். நான் முதலில் முழுசாகப் பார்த்தேன். பிறகு என் சித்தப்பாவை அழைத்துப்போனபோது வெட்டியது. ஒப்புக்கொள்கிறேன், முழுப் படத்தில் சில பேச்சுகள் எனக்கே அலுத்தன. அந்த உறவுக்காரன் பல இடங்களில் மனுஷனாக இல்லாமல் மேடைப் பேச்சாளனாக ஆகிவிடுகிறான். ஆனால் அலுப்பு என்னுடையது. அதை நான் என்ன செய்ய வேண்டுமென்று முடிவுசெய்ய எனக்கு உரிமை உண்டு. ராத்திரி பூரா பேசுகிற சொந்தக்காரனிடம் அலுத்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருப்பதுதானே அந்தப் படத்தின் அனுபவமே? நெறிப்படுத்திய பிரதியில் அவன் சுவாரஸ்யமான ஆளாகிவிட்டான். சித்தப்பாவுக்குப் பிடித்திருந்தது. அவர் தஞ்சாவூர்க்காரர், வெட்டியது தெரிந்ததும், ‘நாம பேசறதே அப்படித்தானேடா, அதை எதுக்கு வெட்டினான்?’ என்றார்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979இல் ஓடியது. ஓடவைத்தவர்கள் திரைப்பட விழாக்காரர்கள் அல்ல. ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’, நம்மில் ஒருவரான வெங்கட் சாமிநாதன் எழுதிய படம், 1977க்கான தேசிய விருதைப் பெற்றது. தூர்தர்ஷன் அதை ஒளிபரப்புவதாக இருந்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. பார்த்துவிட்டு நிராகரிக்கிற சந்தர்ப்பம்கூட என் போன்றவர்களுக்குத் தரப்படவில்லை.

நண்பருக்கு ஒன்று. ‘கொட்டுக்காளி’யை நீங்கள் ஓடிடியில், இரண்டு தவணையாகப் பார்த்ததாக உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஊரில்தான் இருந்தீர்கள். வந்திருந்தால் பத்துப் பேர் ஆகியிருப்போம்.