மடையை அடைச்சவனுக்குக் கீழ் வயல் தெரியாது



போன வாரம் என் அக்கா மகன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். நல்லா படிச்ச பய, கட்டட வேலையில பெரிய சம்பளம் வாங்குறான். பொங்கலுக்கு வந்தப்ப மீன்பிடித் துறைமுகம் கட்டுறதைப் பத்தி நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். அது அவன் மனசுலயே கெடந்திருக்கு.

"மாமா, ஒத்தக்கடையில உட்கார்ந்துக்கிட்டு உங்களுக்கு எதுக்கு கடல் சமாச்சாரம்? பஸ்ஸுல போனாலே மூணு மணி நேரம் ஆகும். மீனவங்களே துறைமுகம் வேணும்னு கேக்குறாங்க. நீங்க எதுக்குக் குறுக்க நிக்கிறீங்க?"

"மாப்ளே, பதிலை எழுதியே போடுறேன், படிச்சுக்கோ"ன்னு சொல்லி வச்சுட்டேன். இது அவனுக்கு மட்டும் இல்ல. டவுன்ல இருந்து இதைப் படிக்கிற உங்க எல்லாருக்கும்தான்.

முதல்ல ஒண்ணு. மீன்பிடித் துறைமுகமே கூடாதுன்னு நான் சொல்லலை. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்ப கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் குடும்பங்க பட்ட பாட்டை டி.வி.யில பார்த்துட்டுச் சோறு இறங்காம இருந்தவன் நான். படகு கட்ட பத்திரமான இடம் வேணும், மீனை ஏலம் போட நிழல் வேணும், ஐஸ் வேணும். மறுக்கலை. கட்டுறதுக்கு முன்னால போடுற கணக்கைத்தான் கேக்குறேன். அந்தக் கணக்கு பொய்யா இருந்தா, துறைமுகம் கேட்ட மீனவன் தலையிலேயே அது விடியும்.

எனக்குத் தெரிஞ்ச விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க பக்கம் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேல் கண்மாய் நிறைஞ்சு கழுங்கு தாண்டினாத்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணி. சில வருசத்துக்கு முந்தி எங்க வரத்துக்கால் குறுக்க ஒரு ரோடு போட்டாங்க. யார் போட்டாங்கன்னு பேர் சொல்ல வேண்டாம். தண்ணி போக ஒரு குழாய் வச்சாங்க. அளக்க வந்தது சித்திரை மாசம். வாய்க்கால்ல ஆடு மேயுது. "இதுக்கு இந்தக் குழாய் போதும்"னு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஐப்பசியில தண்ணி வந்தப்ப பாதிதான் இந்தப் பக்கம் வந்துச்சு, மீதி மேல் காட்டுல தேங்கி நாத்தை அழுக வச்சுச்சு. கீழ என்னோட ஒண்ணேகால் ஏக்கர் அந்த வருசம் தரிசு. ரோடு போட்டவங்க கெட்டவங்க இல்ல. தப்பான மாசத்துல வந்து, மேல் காட்டையும் கீழ் வயலையும் பார்க்காம, யார்கிட்டயும் கேக்காம அளந்தாங்க. அவ்வளவுதான்.

கடல்லயும் இதே கதைதான் மாப்ளே. அங்க வரத்துக்கால்ல ஓடுறது தண்ணி இல்ல, மணல்.

நம்ம கிழக்குக் கடற்கரையில தென்காத்து அடிக்கிற மாசங்கள்ல மணல் கரையோரமாவே தெற்கேயிருந்து வடக்கே நகருது. வடகிழக்குப் பருவக்காத்து வந்தா கொஞ்சம் தெற்கே திரும்புது. வருசக் கணக்கு பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். இதுக்குக் குறுக்க கடலுக்குள்ள கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் நீட்டினா, தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். மடையை அடைச்ச மாதிரிதான். மேல தேக்கம், கீழ காய்ச்சல்.

இது என் கற்பனை இல்ல. சென்னைத் துறைமுகத்தை 1870-கள்ல கட்ட ஆரம்பிச்சான் வெள்ளைக்காரன். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிச்சுக்கிட்டே போச்சு. நீங்க சாயங்காலம் சுண்டல் வாங்கிட்டுக் காலாற நடக்குறீங்களே, அந்த மணல் வடசென்னைக் கரைக்குப் போயிருக்க வேண்டிய மணல். ஒருத்தன் இழந்ததுதான் இன்னொருத்தனுக்கு அழகான கடற்கரை.

அப்புறம் புதுச்சேரி. 1980-கள் கடைசியில அங்க துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. தெற்கே சேர்ற மணலை இயந்திரம் வச்சு வடக்கே தள்ளணும்னு திட்டத்துலேயே இருந்துச்சு. அதை ஒழுங்கா செய்யலை. ஊரோட கடற்கரை காணாமப் போச்சு, பாறாங்கல் கொட்டினாங்க. கல் முடியுற இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடின்னு மீனவக் குப்பங்களைத் தின்னுச்சு. அங்கயும் கல்லு, தூண்டில் வளைவு. அது முடியுற இடத்துல அடுத்த ஊர். துறைமுகத்தால பத்து பைசா லாபம் பார்க்காத ஊர்க்காரன் வீட்டுச் சுவர் கடல்ல விழுந்துச்சு. கரையில்லாம கரைவலையை எங்க நின்னு இழுப்பான்? கட்டுமரத்தை எங்க ஏத்தி வைப்பான்?

சரி, துறைமுகம் கிடைச்ச ஊராவது நல்லா இருக்கான்னா, கன்னியாகுமரி மாவட்டம் தேங்காப்பட்டணத்தைப் பாருங்க. துறைமுக வாயில மணல் திட்டு சேர்ந்து, அலை எகிறி, படகு கவிழ்ந்து ஆள் செத்திருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்ல. சுவரை நீட்டிச் சரியா கட்டுங்கன்னு மீனவங்க போராடினாங்க. கேரளாவுல முதலைப்பொழியிலயும் அதே கதை, அங்க செத்தவங்க அறுபதுக்கும் மேல. கடலுக்குப் போய்த் திரும்புறவன் வீட்டு வாசல்ல சாகுற மாதிரி இது. புயலுக்கு ஒதுங்கக் கட்டின இடமே ஆளை முழுங்குதுன்னா, கட்டுறதுக்கு முன்னாடி போட்ட கணக்கு என்ன கணக்கு?

இப்ப அந்தக் கணக்குக்கு வர்றேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுன்னு அதுக்குப் பேர். 2006 செப்டம்பர் 14-ல மத்திய அரசு போட்ட அறிவிக்கைதான் இன்னிக்கும் அடிப்படை. அதைப் போட்டப்ப மீன்பிடித் துறைமுகத்துக்கு என்ன அளவுகோல் வச்சாங்க தெரியுமா? வருசத்துக்கு 10,000 டன் மீனும் அதுக்கு மேலயும் கையாண்டா சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும்னு 2006-ல வச்சாங்க. அதுக்குக் கீழன்னா அந்த அனுமதி வேண்டாம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியோட போயிரலாம்னு இருந்துச்சு.

மாப்ளே, நீ கட்டடம் படிச்சவன், நீயே சொல்லு. மணலை மறிக்கிறது கடலுக்குள்ள நீளுற கல்லா, கரையில இறங்குற மீனா? 9,000 டன் மீன் இறங்குற துறைமுகத்துச் சுவர் மணலுக்கு வழி விட்டுருமா?

அடுத்தது, அறிக்கையை எழுதுறது யாரு? திட்டம் போடுறவங்களே காசு கொடுத்து வைக்கிற ஆலோசனைக் கம்பெனி. நெல் விக்கிறவனே தராசையும் கொண்டு வந்தா கொள்முதல் நிலையத்துல ஒத்துக்குவாங்களா?

மூணாவது, பருவம். பல திட்டங்களுக்கு ஒரே ஒரு பருவத்துல எடுத்த தரவு போதும்னு விட்டுடுறாங்க, அதுவும் மழைக்காலம் இல்லாத பருவம். கடல் குணம் மாறுறதே வடகிழக்குப் பருவத்துல. சித்திரையில வாய்க்காலை அளந்த கதைதான் இது.

நாலாவது, மொழி. முழு அறிக்கை நூத்துக்கணக்கான பக்கம் இங்கிலீஷ்ல இருக்கும். தமிழ்ல சுருக்கம் கொடுத்தாப் போதும். 30 நாள் அவகாசம் கொடுத்து கருத்துக்கேட்புக் கூட்டம். எந்த மாசம் எந்தத் திசையில நீரோட்டம்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற பெரியவர் அந்தக் கூட்டத்துல ரெண்டு நிமிசம் பேசணும். அவர் படிக்க முடியாத அறிக்கைக்கு அவரே சாட்சி. வடக்கே நாலாவது ஊர்க்காரனுக்குக் கூட்டம் நடந்ததே தெரியாது, ஆனா அரிக்கப் போறது அவன் கரை.

அஞ்சாவது, பக்கத்துல இருக்கிறதைப் பார்க்காம இருக்கிறது. விழுப்புரம் அழகன்குப்பத்துலயும் செங்கல்பட்டு ஆலம்பரைக்குப்பத்துலயும் மீன்பிடித் துறைமுகத் திட்டம் வந்துச்சு. அந்த இடம் கழுவேலி கடலோட சேர்ற முகத்துவாரம். பழவேற்காட்டுக்கு அடுத்து பெரிய உவர்நீர் ஏரி அது. 2021-ல பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. அந்தத் துறைமுக வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. முகத்துவாரம்ங்கிறது ஏரிக்கு மடை. மடையில கை வைக்கிறவன் ஏரியைப் பத்தி யோசிக்க, மத்தவன் கோர்ட்டுக்குப் போகணுமா?

"உங்களுக்கு எதுக்கு?"ன்னு கேட்டல்ல. இதுக்குத்தான். 2024 நவம்பர்ல அரிட்டாபட்டி சுத்துப்பட்டுல 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டது வெளிய தெரிஞ்சுச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்திதான் அதே அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சிருந்தாங்க. முதல்ல ஏலம், ஆய்வெல்லாம் அப்புறம். 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து சனம் தல்லாகுளத்துக்கு நடந்துச்சு. எங்க ஒத்தக்கடை வழியாத்தான், யானைமலையைப் பார்த்துக்கிட்டே போனாங்க. நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். அந்த மாசமே ஏலம் ரத்தாச்சு. அன்னிக்கு எங்களுக்காகப் பேசினவங்கள்ல டங்ஸ்டனைக் கண்ணால பார்க்காதவங்கதான் அதிகம். அவங்க "நமக்கு எதுக்கு"ன்னு கேக்கலை.

அதனால என் கோரிக்கை இதுதான். மீன் டன்னை விட்டுட்டு கல்லோட நீளத்தை வச்சு அனுமதி கேளுங்க. வடகிழக்குப் பருவம் சேர்த்து முழு வருசம் அளங்க. கடற்கரையை ஊர் ஊரா வெட்டாம ஒரே கண்மாய்ச் சங்கிலியாப் பாருங்க. முழு அறிக்கையும் தமிழ்ல வேணும். வடக்கே இருக்கிற ஊர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. மணல் தள்ளுற செலவை, கட்டுற செலவோட சேர்த்தே ஒதுக்குங்க.

டவுன் நண்பர்களே, வஞ்சிரம் விலை ஏறினா நமக்கு உடனே தெரியுது. அந்த மீனைப் பிடிச்சவன் வீடு கடல்ல போறது மட்டும் தெரியாமப் போகக் கூடாது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும். அறிக்கை வந்தா படிச்சு, அந்த ஊர்க்காரங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. 30 நாளுக்குள்ள எழுத்துல கருத்து அனுப்புங்க.

மாப்ளே, அடுத்த தடவை வர்றப்ப அந்த ரோட்டுக் குழாயைக் காட்டுறேன். ஐப்பசியில வா. சித்திரையில வந்தா ஒண்ணும் தெரியாது.