இன்டர்வெல் மட்டும்

ஆம்பூரில் ஷூ கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருக்கும் என் நண்பன், ஆறாவது படிக்கிற பையனை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லித்தரப் போகிறானாம். ‘ஸ்கூல்ல வெறும் மனப்பாடம்டா!’

‘யார் சொல்லித்தரப் போறது?’

‘நாங்க ரெண்டு பேரும்தான்.’

இவன் வீடு திரும்ப ராத்திரி எட்டாகும். ஆக, மனைவிதான்.

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளிக்கூடம் என்கிறது. வீட்டுப் படிப்பு பற்றி மூச்சு விடவில்லை. 14 முடிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுதலாம். ஐந்து வருஷத்தில் ஒன்பது சான்ஸ். (நம் காலத்தில் யாரும் சொல்லவில்லையே!)

ஆனால் இது குடியாத்தம் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் பிள்ளைகளின் விரல்களைக் கொடுத்த வட்டாரம். பகலில் பையன் வீட்டிலிருந்தால், கணக்கெடுக்க வரும் டீச்சர் சும்மா விடமாட்டார். விடவும் கூடாது.

‘தினம் படிச்சதைத் தேதி போட்டு எழுதி வை. டி.சி. வாங்கறதுக்கு முன்னாடி முழுப் பரீட்சை லீவுல ஒரு மாசம் நடத்திப் பாரு’ என்றேன். ‘பையன் என்ன சொல்றான்?’

‘சரிங்கறான். இன்டர்வெலுக்கு மட்டும் ஸ்கூலுக்குப் போயிட்டு வரானாம்.’