குற்றமில்லாத இடத்திலும் பொறுப்பு உண்டு

1956 நவம்பர் 23 அதிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றில் விழுந்தது. பாலத்தை ஒட்டிய கரையை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அந்த ஆண்டில் அது அவருடைய இரண்டாவது கடிதம். செப்டம்பர் தொடக்கத்தில் மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தபோதே அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் இன்னொரு வெள்ளம், இன்னொரு பாலம். இம்முறை ஏற்றுக்கொண்டார்.

விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணமில்லை என்பதை நேரு நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஆனாலும் அரசியல் சட்ட மரபுக்கு ஒரு முன்னுதாரணமாக அமையட்டும் என்றுதான் அந்த விலகலை ஏற்றார். குற்றத்தையும் பொறுப்பையும் தனித்தனியாகப் பார்க்கும் மனம் அன்றைய பொதுவாழ்வில் இருந்தது. மழை பெய்ததற்கு அமைச்சர் பதில் சொல்ல முடியாது. அந்தப் பாலத்தின் மேல் ரயில் விடும் துறை அவருடையது என்பதற்குப் பதில் சொல்லலாம், சொன்னார்.

அடுத்த பதினைந்து மாதங்களுக்குள் இதற்கு நேரெதிரான காட்சியும் அரங்கேறியது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போட்டுப் பங்குகள் வாங்கிய விவகாரத்தை, 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் கிளப்பினார். விசாரிக்க வந்த நீதிபதி எம்.சி. சாக்ளா, மக்கள் முன்னிலையிலேயே சாட்சிகளைக் கேட்டார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் வாதம், அந்தப் பேரத்துக்குத் தாம் ஒப்புதல் தரவில்லை என்பது. துறைச் செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சரே முழுப் பொறுப்பு, அவர் பின்னால் அமைச்சர் ஒளிந்துகொள்ள முடியாது என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். அவர் திறமைசாலி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1963இல் மீண்டும் நிதியமைச்சர் ஆனார். சாஸ்திரி, டி.டி.கே. இருவரும் விலகினார்கள்தான். சாஸ்திரியின் விலகல் பெருமையாகவும், டி.டி.கே.யின் விலகல் வீழ்ச்சியாகவும் நினைவில் நிற்கக் காரணம், ஒருவர் தானாக முன்வந்தார், மற்றவர் கைகாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் சாஸ்திரியின் கதையைப் பாடம் நடத்திவிட்டு அங்கேயே நின்றுவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. பெரிய விபத்து நடந்தால் ‘அமைச்சர் ராஜினாமா செய்வாரா?’ என்ற கேள்வியோடு விவாதம் முடிகிறது. 1957 தேர்தலில் ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனுக்கு எதிராக அரியலூரை வைத்தே எதுகை மோனையோடு முழக்கம் எழுதினார்கள், அவர் தோற்றார். கணக்குத் தீர்ந்தது. ஆனால், மகபூப்நகரில் பாலம் போன செய்தி மருதையாற்றுப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் என்ன எச்சரிக்கையாகப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியைக் கேட்க எந்த முழக்கத்திலும் இடமில்லை.

இதே கேள்வி 67 ஆண்டுகள் கழித்தும் வந்தது. 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் லூப் லைனில் நின்ற சரக்கு ரயில்மீது மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நம் நாட்டில் ரயில் விபத்தை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. தன் தவறைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சிக்னல் பிரிவில் பல மட்டங்களில் குறைகள் இருந்ததாக அந்த விசாரணை சொன்னது. அதே கோட்டத்தில், ஓராண்டுக்கு முன்பே வேறொரு நிலையத்தில் இதுபோன்ற வயரிங் கோளாறு தெரியவந்திருந்தது. அதிலிருந்து பாடம் கற்றிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் அறிக்கையில் உண்டு. கைதானவர்கள் மூன்று ரயில்வே ஊழியர்கள். அவர்கள் குற்றவாளிகளா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். பல மட்டங்களில் குறை என்ற பிறகு, மேல் மட்டம் எதற்குப் பதில் சொல்கிறது என்பதை யார் சொல்வது?

விலகாமலும் பொறுப்பேற்க முடியும் என்பதற்கு ஸ்ரீஹரிகோட்டா சாட்சி. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர்கள் முன் போய் உட்கார்ந்தவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். குழுவை முன்னால் தள்ளிவிடாமல் தோல்வியைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டார். பிறகு ஆய்வு நடந்தது. இரண்டாம் நிலைக் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்தது தெரிந்தது. 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வென்றபோது, செய்தியாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார் தவான். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் புகழ்ந்தால் பாதிதான் புரிந்தது. தலைக்கு மேலே கத்தி தொங்காத பொறியாளர்தான் எங்கே பிசகியது என்று வாய்திறப்பார்.

நம் அலுவலகங்களில் பிசகு நடந்தவுடன் முதலில் தேடப்படுவது பழைய மின்னஞ்சல். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று காட்ட ஒன்று, ‘ஃபைல் என் மேசைக்கே வரலை’ என்று காட்ட இன்னொன்று. மெமோ கீழே இறங்கிக்கொண்டே போய், பதில் மெமோ எழுதத் தெரியாதவர் கையில் நிற்கிறது. வீடும் இதைவிட மேல் என்று சொல்ல முடியாது. மதிப்பெண் குறைந்தால் பிள்ளை ஆசிரியரைக் காட்டும், அப்பா அம்மாவைக் காட்டுவார். அந்த வீட்டில் அடுத்த முறை மதிப்பெண் அட்டையே ஒளிந்துகொள்ளும்.

‘என் பொறுப்பு’ என்று சொல்பவரை அளக்க இரண்டு கேள்விகள் போதும். அவர் சொன்ன பிறகு எது மாறியது? அவருக்குக் கீழே இருப்பவர் கசிவைப் பார்த்தால், இனி அதை உடனே சொல்வாரா? இரண்டாவதற்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைக்காத இடத்தில், எத்தனை பேர் விலகினாலும் அடுத்த விபத்து நடந்தே தீரும்.