நான்கு கார்டுகளின் மேல் ஒரு பழி

மேல்நாட்டு ஜனரஞ்சகப் பாட்டுகளெல்லாம் நான்கே கார்டுகளுக்குள் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களுக்குள்) அடங்கிவிடுகின்றன என்றும், ஆகவே கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாட வருகிறவன் எவனாயினும் முன்பு பாடியவர்கள் பாடியதையே திருப்பிப் பாடுகிறான் என்றும் ஓர் அபிப்பிராயம் வெகுவாகப் பரவியிருக்கிறது. இதற்கு நிரூபணமாகக் காட்டப்படுவது, ஆஸ்திரேலியாவின் ஆக்ஸிஸ் ஆஃப் ஆஸம் என்னும் ஹாஸ்யக் குழுவினர், ஒன்று, ஐந்து, ஆறு, நான்கு என்ற படிவரிசையை விடாமல் வாசித்து, அதன்மேல் பற்பல பாட்டுகளை அடுக்கிப் பாடிக்காட்டிய வேடிக்கை. சிரிக்கத்தக்கதுதான், ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் சில வரிகளை மட்டும் நறுக்கியெடுத்து, சுருதியையும் காலப்பிரமாணத்தையும் ஒன்றாக்கிய பிறகே அந்த வித்தை பலிக்கிறது.

கார்டுகள் ஒன்றானால் பாட்டும் ஒன்று என்பது முதல் வாதம். சி சுருதியில் அவ்வரிசை சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று அமையும். பீட்டில்ஸின் 'லெட் இட் பி' (1970) இந்நான்கில்தான் தொடங்குகிறது. எனினும் பிற்பாதியில் ஏ மைனரைக் கைவிட்டு, சி, ஜி, எஃப், சி என்று திரும்பி, தேவாலயத்தில் ஆமென் பாடுகையில் கேட்கும் சாந்தத்தோடு, நான்காம் படியிலிருந்து ஆதாரப் படிக்கு வந்து அமர்ந்துவிடுகிறது. யூ2 குழுவின் 'வித் ஆர் வித்தவுட் யூ' (1987) அதே வரிசையை டி, ஏ, பி மைனர், ஜி என்று வைத்துக்கொண்டு ஆதியோடந்தம் ஒரே வட்டமாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றும் நான்காம் படியில் தொங்கி நிற்கிறதேயன்றி ஓய்ந்து அமர்வதில்லை. ஒன்று ஆறுதல் சொல்லும் பாட்டு, மற்றொன்று ஆறுதல் கிட்டாத பாட்டு. இவ்விரண்டையும் ஒன்றென்பவர், ஈற்றடியில் முச்சீர் வருவதால் வெண்பாக்கள் எல்லாம் ஒரே பாட்டு என்றும் சொல்லக்கூடும்.

நான்கைத் தவிர வேறு வரிசையே இல்லை என்பது விவாதிக்கத் தகுந்ததன்று. ப்ளூஸ்காரர்களின் பன்னிரண்டு பார் வரிசைக்கு மூன்று கார்டுகள் போதும். அதில் ஆதாரக் கார்டே ஏழாம் ஸ்வரத்தைச் சுமந்து, ஓய்வுக்குரிய இடத்திலும் ஓயாமல் நிற்கும். எனக்கு மிகப் பிரியமானது ரேடியோஹெட் குழுவினர் 1992-ல் வெளியிட்ட 'க்ரீப்' பாட்டின் வரிசை: ஜி, பி, சி, சி மைனர். பி மேஜர் என்பது ஜி சுருதிக்கு அந்நியமானது. ஆயினும் கார்டுகளின் உள்ளே ஒரு ஸ்வரத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்: டி, டி ஷார்ப், ஈ என்று அரையரை ஸ்வரமாக ஏறி, மைனர் வந்ததும் ஈ ஃப்ளாட்டாகத் தளர்ந்து, ஜி திரும்புகையில் பழையபடி டி-யில் வந்து விழுகிறது. மேலே பாடுகிறவன் என்ன பாடினாலும், ஏறமுயன்று இறங்கும் அந்த இழை அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒருவர் வரிசையை மற்றவர் எடுத்தாளுவது திருட்டு என்னும் குற்றச்சாட்டை 2023-ல் நியூயார்க்கில் ஒரு ஜூரியே விசாரித்தது. மார்வின் கேயின் 1973-ஆம் ஆண்டுப் பாட்டான 'லெட்ஸ் கெட் இட் ஆன்' என்பதிலிருந்து பாடகர் எட் ஷீரன் கார்டு வரிசையை எடுத்துக்கொண்டார் என்று, அப்பாட்டின் கூட்டாசிரியர் எட் டவுன்சென்டின் வாரிசுகள் வழக்குத் தொடுத்திருந்தனர். ஷீரன் நீதிமன்றத்திலேயே கிட்டார் வாசித்துக் காட்டினார். ஜூரி அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அது நியாயம் என்றே கருதுகிறேன். ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறும் படிகளுக்குப் பட்டா வழங்கத் தொடங்கினால், அடுத்த தலைமுறைக்கு நிற்க இடமிராது.

எஞ்சியிருப்பது, சாஸ்திரம் கற்றால் கற்பனை வறண்டுவிடும் என்ற வாதம்; இதற்கு இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாத பீட்டில்ஸையே சாட்சிக்கு அழைப்பார்கள். குறிப்புப் படிப்பது வேறு, கார்டுகளின் உறவை அறிவது வேறு. லிவர்பூலில் சிறுவர்களாக இருந்தபோது, பி செவன் கார்டு தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறி ஊரைக் கடந்துபோய் அதைக் கற்றுவந்த கதையை அக்குழுவின் பால் மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். அந்தக் கார்டிலுள்ள டி ஷார்ப் அரை ஸ்வரம் ஏறி ஈ-யில் சேரும். ஏ அரை ஸ்வரம் இறங்கி ஜி ஷார்ப்பில் சேரும். இரண்டும் ஈ கார்டின் அங்கங்கள். ஈ-யும் ஏ-யும் மட்டும் கைவசம் வைத்திருந்த அப்பையன்களுக்கு, இந்த மூன்றாவது கார்டு கிடைக்கும்வரை ஈ சுருதியில் பன்னிரண்டு பார் ப்ளூஸைக்கூட முறைப்படி வாசித்து முடிக்க வழியிருக்கவில்லை.