திருடர் பாஷை என்றொரு பழி

லண்டன் காக்னி மக்களின் ‘ரைமிங் ஸ்லாங்’ பற்றி அண்மையில் ஓர் இதழ் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தது. ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் அதில் மூன்று பக்கம் சொல்-பொருள் பட்டியல். மீதிப் பக்கத்தில், போலீஸ்காரனுக்குப் புரியாமல் பேசத் திருடர்கள் உண்டாக்கிய பாஷை இது என்று ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்கு ஆதாரம் எதுவும் தரப்படவில்லை. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்தப் பேச்சு எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்ப்போம். மாடிப்படியான ‘ஸ்டேர்ஸ்’, ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ ஆகிறது. பார்வை என்னும் ‘லுக்’, கசாப்புக்காரரின் கொக்கியாகி ‘புட்சர்ஸ் ஹுக்’. கூட்டாளியான ‘மேட்’, பீங்கான் தட்டாகி ‘சைனா பிளேட்’. இதுவரை பள்ளிப் பிள்ளைகளும் கட்டக்கூடிய இயைபுத் தொடைதான். அடுத்து நடப்பதுதான் அதிசயம். இயைபு விழும் கடைசிச் சொல்லையே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பார்வை வெறும் ‘புட்சர்ஸ்’, கூட்டாளி வெறும் ‘சைனா’. எந்த ஒலியைப் பற்றிக்கொண்டு சொல் பிறந்ததோ, அந்த ஒலி பேச்சில் இல்லை. கேட்கிறவர் அதைத் தன் மனசுக்குள் ஒலித்துக்கொள்ள வேண்டும். குறிப்பான், குறிப்பீடு என்று அமைப்பியல் பேசி விடிய விடியச் சண்டை போட்ட தலைமுறைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைத்திருக்கும்? அன்று நம்மில் ஒருவரும் இந்தத் தெருப்பக்கம் திரும்பவில்லை.

திருடர் கதைக்கு வருவோம். 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதி இந்தப் பேச்சுக்குத் தனிப் பகுதியே ஒதுக்குகிறது. அவர் கைகாட்டுவது செவன் டயல்ஸ் பகுதியில் பாட்டுத்தாளும் கதைத்தாளும் கூவி விற்றவர்களை. வாய்தான் அவர்களுடைய மூலதனம். இது புழக்கத்துக்கு வந்து பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள்தான் ஆகின்றன என்கிறார் ஹாட்டன். அப்படியானால் 1840களின் நடுப்பகுதி. காக்னிகளின் இடம் என்று சொல்லப்படும் கிழக்கு லண்டனிலும் செவன் டயல்ஸ் இல்லை. கோவன்ட் கார்டன் பக்கத்தில் இருக்கிறது. செயின்ட் மேரி-லெ-போ தேவாலயத்தின் மணியோசை எட்டும் இடத்தில் பிறந்தவர்தான் காக்னி என்று எல்லை கட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிஜமாகவே மறைக்க வேண்டியிருந்தவர்களிடம் வேறு உத்தி இருந்தது. தள்ளுவண்டி வியாபாரிகள் சொல்லை எழுத்தெழுத்தாகத் திருப்பிப் போட்டுப் பேசினார்கள். பையனான ‘பாய்’, ‘யாப்’ ஆனான். சந்தையில் பேரம் வெளியே தெரியாமலிருக்க அது போதுமானதாக இருந்தது. 1851இல் ஹென்றி மேஹ்யூ அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். லண்டன் உழைப்பாளிகளையும் ஏழைகளையும் பற்றிய அவருடைய அந்தப் பெரிய நூலை எப்போது எடுத்தாலும் கீழே வைக்க முடிவதில்லை. கீரை விற்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதில் வருகிறாள். பூங்காக்களைப் பற்றிப் பேச்செடுத்தால், தன்னைப் போன்றவளை அங்கே உள்ளே விடுவார்களா என்று திருப்பிக் கேட்கிறாள். வறுமை பற்றி எத்தனையோ நாவல்கள் வந்துவிட்டன. அந்தக் கேள்வியின் பக்கத்தில் நிற்கக்கூடியவை மிகச் சில. மேஹ்யூ அவளைப் பேசவிட்டார், அவள் சொன்னதை எழுதினார். அவர் செய்தது அவ்வளவுதான்.

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வழங்கும் இத்தகைய பேச்சை நம் இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. நன்னூலார் அதற்குக் களவை இலக்கணமாக வைக்கவில்லை. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதையும் உரைகாரர்கள் காட்டுகிறார்கள். தொழிலால் கூடி வாழ்கிறவர்களின் பேச்சு என்ற மரியாதை அதில் இருக்கிறது. அதே வரிசையில்தான், சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலும் வருகிறது. லண்டன் பேச்சு இரண்டையும் ஒருங்கே செய்கிறது. உதட்டைப் பிதுக்கிக் கேலி ஒலி எழுப்புவதற்கு ‘ராஸ்பெரி ஊதுவது’ என்று பெயர். ‘ராஸ்பெரி டார்ட்’ என்ற பலகாரம் குசுவைக் குறிக்கும் ‘ஃபார்ட்’டுக்கு இயைபு, வால் வெட்டுப்பட்டதும் பழம் மட்டும் நின்றது. ‘பெர்க்’ என்றால் மடையன். அது ‘பார்க்லி ஹன்ட்’, ‘பெர்க்ஷயர் ஹன்ட்’ போன்ற ஒரு வேட்டைக் குழுவின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் மிகக் கெட்ட வசைகளில் ஒன்றுக்குப் போட்ட திரை. கண்ணியமானவர்கள் இன்று அதைக் கூசாமல் சொல்கிறார்கள். அந்த இதழ் நடத்தும் நம் நண்பர்களின் பட்டியலில் ‘பெர்க்: முட்டாள்’ என்று மட்டும் இருக்கிறது. பொருள் சரிதான், ஆனால் சொல்லின் வாழ்க்கை முழுதும் போய்விட்டது.

1955இல் ஒரே வாரத்தில் ஐந்து பாடல்கள் முதல் இருபதில் இடம்பெற்ற பெல்ஃபாஸ்ட் பாடகி ரூபி மர்ரி. அவர் பாட்டை இன்று கேட்பவர்கள் குறைவு. பெயர் மட்டும் ‘கரி’க்கு இயைபாகி உணவுக்கடைகளில் நிலைத்துவிட்டது. அந்தக் ‘கரி’ நம் ‘கறி’யிலிருந்து போனது. எந்தத் திருடன் எந்தப் போலீஸிடமிருந்து எதை மறைக்க இதைக் கட்டினான்?

இந்தப் பேச்சைப் புனிதமாக்கவும் நாங்கள் தயாரில்லை. மனைவியை ‘ட்ரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப்’, தொல்லையும் சச்சரவும் என்று அழைக்கும் ஆண்களின் மதுக்கடைப் பேச்சு அதில் நிறைய உண்டு. இனப் பகையும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் ஏழைகள் தங்களுக்குள் விளையாடினால் அதைச் சதி என்று படிக்கும் வழக்கம் காவல் நிலையத்தின் வழக்கம். எதிர்மொழி (‘ஆன்டி-லாங்குவேஜ்’) பற்றி 1976இல் மொழியியலாளர் ஹாலிடே எழுதிய பிறகும் விமர்சகர்கள் அந்த வழக்கத்தைக் கைக்கொள்வது வெட்கக்கேடு. வட்டார நாவலின் கடைசிப் பக்கத்தில் சொற்பொருள் அட்டவணை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மதிப்புரை எழுதுகிற நம் பேராசிரியர்களுக்கும் இது பொருந்தும். பேசுகிற மனிதரைக் காணாமல் பேச்சை மட்டும் அள்ளிக்கொண்டு போவதற்கு ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

2009இல் கிழக்கு லண்டனில் சில பணம் எடுக்கும் இயந்திரங்களில் காக்னியும் ஒரு மொழித் தெரிவாக வந்தது. ‘கேஷ்’ என்ற பணம் அங்கே ‘சாசேஜ் அண்ட் மேஷ்’; ‘பின்’ எண் ‘ஹக்கிள்பெரி ஃபின்’. இயைபு முழுசாகத் திரையில் தெரிந்தது. தெரு வெட்டி எறிந்த வாலை வணிகம் ஒட்டவைத்துவிட்டது. நம் நண்பர்களின் மூன்று பக்கப் பட்டியலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

மேஹ்யூவின் நூலிலிருந்து சில பகுதிகள் எங்கள் அடுத்த இதழில் தமிழில் வருகின்றன. அகராதிப் பட்டியல் இணைக்கப் போவதில்லை.